தனகோட்டி உதிர்த்த குச்சிகள்

புளிச்சம்பாக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள் வாய்க்குள்ளேயே ஒடிய ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி போட்ட கட்டடத்தின் இரண்டாவது மாடியில், மேனேஜர் தட்சணாமூர்த்தி தன் கீழே வேலை பார்க்கும் அறுபது பெண்களையும் நிற்கவைத்து வாராவாரம் ஓதுகிற பிரசங்கத்தை ஓதிக்கொண்டிருந்தார். 'புரொடக்டிவிட்டி' என்று சொல்ல வாயைத் திறந்தார். 'புரொடக்' வரைக்கும் வந்தது, அதோடு வார்த்தை ஒடிந்தது, ஒடிந்த இடத்திலிருந்து தீக்குச்சி நீளத்துக்குக் கறுப்பாக ஒரு குச்சி அவர் உதட்டைத் தாண்டி விழுந்து டைல்ஸ் தரையில் டிக்கென்று சத்தம் போட்டது, அதற்கப்புறம்தான் மிச்சமிருந்த 'டிவிட்டி' வெளியே வந்தது. அவர் குனிந்து குச்சியைப் பார்த்தார், டையைச் சரிசெய்துகொண்டார், 'கமிட்மென்ட்' என்றார், அதற்கும் ஒன்று விழுந்தது, 'டெடிகேஷன்' என்றார், அதற்கும் ஒன்று. பிரசங்கம் முடிந்தபோது அவர் காலடியில் ஒரு கைப்பிடி கிடந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டு அவரவர் கம்ப்யூட்டருக்குப் போனார்கள்.

அந்தக் குச்சியைப் பார்த்ததுமே தனகோட்டிக்கு அது எது என்று தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் சோறு தின்பதே அதை வைத்துத்தான். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் இந்தக் கம்பெனிக்கு வரும், இங்கே பக்கம் பக்கமாகக் கோர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். வரியின் கடைசியில் ஒரு வார்த்தைக்கு இடம் போதாவிட்டால் அதை இரண்டாக ஒடித்து, ஒடித்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளவேண்டும். கம்ப்யூட்டர் கண்ட இடத்தில் ஒடிக்கும். ஒடித்தது சரியான இடமா என்று பார்த்து, தப்பென்றால் மாற்றி ஒடிப்பதுதான் தனகோட்டியின் வேலை. அதற்கு வார்த்தையின் அர்த்தம் தெரியவேண்டிய அவசியமில்லை, தெரியவும் கூடாது. 'படிக்காதே, பார்' என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். படிக்க ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது பக்கம் ஓடாது என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு. சேர்ந்த புதிதில் அவள் ஒரு வார்த்தையைக் காட்டி இதற்கு என்ன சார் அர்த்தம் என்று கேட்டுவிட்டாள். மெமோ வந்தது. அந்த மெமோவில் அவளுக்கு அர்த்தம் தெரியாத வார்த்தைகள் இன்னும் நான்கு இருந்தன.

அதிலிருந்து அவள் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தவள், எழுத்துக்கூட்டி வார்த்தையை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பாள், நாக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒடிப்பாள், ஒருநாளும் தப்பியதில்லை. இதயத்தைப் பற்றியும் ஈரலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சாமி உண்டா இல்லையா என்பதைப் பற்றியும் லட்சக்கணக்கான பக்கங்கள் அவள் கண் வழியாகப் போயிருக்கின்றன, எது எதைப் பற்றியது என்று அவளைக் கேட்டால் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையையும் அவள் மறந்ததில்லை. அவ்வளவு நீளமாக, அவ்வளவு சத்தத்தோடு இருக்கிற ஒன்று உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பார்க்காமலே இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போவது அவளுக்குப் பத்தொன்பது வருஷமும் வலித்தது.

அன்றைக்கும் அறுபது பெண்களும் வழக்கம்போல முணுமுணுத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் கீபோர்டுகள் குச்சிக்குள் மறைந்தன, மத்தியானத்துக்குள் நாற்காலிச் சக்கரம் உருளவில்லை. மேனேஜர் அவசர மீட்டிங் போட்டார், அந்த மீட்டிங்கில் இன்னும் ஒரு முறம் விழுந்தது. பெருக்குகிற அஞ்சலாட்சி மூன்று கோணி அள்ளிக் கட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவோரத்தில் நின்றபடி சொன்னாள்.

"தெரியாத வார்த்தய சொன்னா விழுது, தெரிஞ்சி சொன்னா விழல. பஸ்ஸுன்னா விழுதா? டீன்னா விழுதா? லீவு லீவுன்னு இந்தப் பொண்ணுங்க ஆயிரம் வாட்டி சொல்லுதுங்க, ஒன்னு விழுந்துச்சா? இதுக்குப் போயி எதுக்கு சார் மீட்டிங்கு?"

இந்த ஊரில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். மேனேஜர் அவளை வெளியே போகச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. முதல் ஒரு வாரம் புளிச்சம்பாக்கம் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் தொண்டை கட்டிக்கொண்டதாகச் சைகை காட்டினார்கள், பேங்க்கில் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்கள், கல்யாண மண்டபத்தில் 'ஹாப்பி' என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டான். ஊரிலேயே அதிகக் குச்சி விழவைத்த வார்த்தை 'சாரி' என்பது அந்த வாரத்தில்தான் தெரியவந்தது. பால்காரர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை யார் சொன்னாலும் 'சா' என்று ஒடிந்து குச்சி விழுந்து பிறகுதான் 'ரி' வந்தது. வெட்கம் என்று ஒன்று இந்த ஊரில் இருந்த கடைசி வாரம் அது.

எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. தாளாளர் வரதப்பன் மைக் முன்னால் நின்று வேறு வழியில்லாமல் வாயைத் திறக்க, குச்சி மளமளவென்று கொட்டி மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் மூடிப்போயிற்று. கூட்டம் சிரிக்க வாயெடுத்த அந்த நொடியில் வரதப்பன் கீழே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார். பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குப் படிப்பு இல்லாமல் இருக்கலாம், புத்தி இல்லாமல் இருக்காது. "இவ்வளவு விழுதேன்னு பாக்கறீங்களா? உள்ள இவ்வளவு இருக்கு, விழுது. ஒன்னுமே விழாதவன் உள்ள இன்னா இருக்கப்போவுது?" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒவ்வொரு அப்பனும் தன் பிள்ளையைப் பார்த்தான், ஒவ்வொரு பிள்ளையும் அங்கேயே வாயைத் திறந்து உதிர்க்க ஆரம்பித்தது.

அதன் பிறகு ஊர் மாறிய வேகத்தைச் சொல்லி மாளாது. வீட்டுக்கு வீடு வாசலில் குச்சியைக் குவித்துவைத்தார்கள், மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் குவியலைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு டம்ளரில் பாதி காபியை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சவுக்குக் குச்சியைச் சீவி மை தடவி விற்ற ஒருவனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டினார்கள். அசலா போலியா என்று பார்க்க வழி இருந்தது. அசல் குச்சி எரியும், சுடாது. ஆள் உயரத்துக்குச் சுவாலை விட்டு ஜெகஜோதியாக எரியும், அதன்மேல் பாலை வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் பால் ஜில்லென்றே இருக்கும். இதைக் கண்ட பிறகாவது ஒருவனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. திருவிழாவுக்கு இது நல்ல சவுகரியம், யாருக்கும் தீப்புண் வராது என்று சொன்னார்கள். அஞ்சலாட்சி சொன்னது ஊருக்கு மறந்துபோயிருந்தது. நினைவிருந்தவர்களும் மறந்துபோனதாகக் காட்டிக்கொண்டார்கள்.

தனகோட்டி மறக்கவில்லை. கம்பெனியில் அவள் உதட்டை ஒட்டிக்கொண்டு மனதுக்குள் முணுமுணுக்கப் பழகினாள், வெளியே, தனக்குத் தெரிந்த வார்த்தையைத் தவிர வேறு பேசமாட்டாள், அதனால் அவள் பங்குக்கு வீட்டு வாசலில் ஒரு குச்சிகூட விழவில்லை. 'பாவம், இங்கிலீஷ் கம்பெனில வேல, ஆனா இங்கிலீஷ் வராது' என்று தெருவே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. வாசலில் கிடந்த மலை அத்தனையும் அவள் புருஷன் சிங்காரவேலு உதிர்த்தது. அவன் மனை புரோக்கர். உப்புத் தண்ணீர் ஊறுகிற பொட்டல்காட்டைக் காட்டி 'கேட்டட் கம்யூனிட்டி, ப்ரீமியம், ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று மூச்சுவிடாமல் சொல்கிறவன், ஒரு பார்ட்டியை அழைத்துப்போய் வந்தால் சட்டைப்பை நிறைந்துவிடும். குச்சி விழ ஆரம்பித்த பிறகு அவனுக்கு வியாபாரம் பெருகியது. ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை வந்தது, வீட்டில் ஒரு திமிர் வந்தது.

"பத்தொம்பது வருசமா இங்கிலீஷோட குடும்பம் நடத்துற, ஒரு ஆழாக்கு உதிர்க்கத் துப்பில்ல. நாலு பேரு எதிர்ல எனக்கு எவ்ளோ கேவலமா இருக்குது தெரியுமா?"

"தெரியாதத எதுக்குங்க சொல்லணும்?"

"தெரிஞ்சத சொல்றதுக்குத்தான் தமிழ் இருக்குதே" என்றான் சிங்காரவேலு.

தான் சொன்னதில் தப்பு எதையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே செருப்பில்லாமல் குவியல்மேல் ஏறி நின்று, எதிர்வீட்டுக் குவியலைவிடத் தன்னுடையது உசரமா என்று பார்ப்பது அவனுக்கு வழக்கமாயிற்று. அப்படி ஏறி நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, அவன் உதிர்த்த குச்சியே ஒன்று அவன் குதிகாலில் ஏறி உள்ளே ஒடிந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மனை காட்டப் போய்விட்டான். சர்க்கரை உடம்பு. மூன்றாம் நாள் பாதம் வீங்கியது, ஆறாம் நாள் கணுக்கால் மறைந்தது, எட்டாம் நாள் கால் கறுத்து, பக்கத்தில் உட்காரமுடியாத வாடை வந்தது.

புளிச்சம்பாக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உண்டு, அதில் டாக்டர் ஜுனைதா என்று ஓர் அம்மா உண்டு. பதினோரு வருஷமாக ஊரில் பாதிப் பிள்ளைகளை அந்த அம்மாதான் வெளியே எடுத்தார். நோயாளியிடம் தமிழில் பேசுவார், மருந்துச் சீட்டில் எழுதும் இங்கிலீஷ் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், சொன்னாலும் முழுசாக வரும், குச்சி விழாது. ஆகவே இந்த ஆறு மாதமாக அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். 'படிச்சி இன்னா பிரயோசனம், ஒரு குச்சிக்கு வழியில்ல' என்று ஊர் அவரை ஒதுக்கிவிட்டிருந்தது. கூட்டமெல்லாம் பைபாஸ் ஓரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே பெரிய டாக்டர் வார்டுக்குள் வரும்போது பின்னாலேயே ஒரு நர்ஸ் தட்டு ஏந்தி வருவாள், அவர் பேசப் பேசத் தட்டு நிறையும், நிறைந்த தட்டுகளை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்திருந்தார்கள். அப்பா வாங்கிக்கொடுத்த படிப்பு, அப்பா கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரி, மகன் பாவம், தன் பங்குக்கு உதிர்த்தார்.

அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த சிங்காரவேலுவின் காலை அவர் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார். "ஆஸ்டியோமைலைட்டிஸ்" என்றார், தட்டில் ஒன்று. "செப்டிசீமியா, நெக்ரோசிஸ், வாஸ்குலர், டிஜெனரேட்டிவ்" என்றார், ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. "முட்டிக்குக் கீழ எடுத்துடலாம், நாளைக்குப் பதினோரு மணிக்கு. பேக்கேஜ் என்னன்னு கவுன்டர்ல சொல்வாங்க" என்றார். பேக்கேஜ் என்ற வார்த்தை மட்டும் ஒடியாமல் முழுசாக வந்தது, தட்டில் எதுவும் விழவில்லை.

தனகோட்டி கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.  டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் புருஷன் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, உங்க காலுக்கு இன்னா ஆச்சின்னு அந்த ஆளுக்கே தெரியலங்க. அதான் விழுது. பேக்கேஜுக்கு மட்டும் விழல, பாத்தீங்களா?"

"மூடு வாய. ஒரு தட்டு ரொம்பி வழியுது, கண்ணு தெரியலயா உனக்கு?"

"கால எடுத்துடுவாங்கங்க."

"இவ்ளோ உதிர்க்கிறவரு கையால போவுதுன்னா அது எனக்குப் பெருமதான்டி" என்றான் சிங்காரவேலு, காய்ச்சலில் கண் சொருகியபடி. பக்கத்தில் நின்ற அவன் அண்ணன் அரங்கநாதன், படித்தவர்கள் பேசும்போது பொம்பளை குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லி, சம்மதப் பத்திரத்தில் தானே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

புருஷன்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகட்டும், ஒற்றைக் காலோடு கிடக்கட்டும், அப்போதாவது திமிர் அடங்குமா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிப் படியிறங்கினாள். ஆனால் கால் அவளை நேரே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோயிற்று. டாக்டர் ஜுனைதா எல்லாவற்றையும் கேட்டார், எந்தக் காலில், எத்தனை நாளாக, விரல் அசைகிறதா, கிள்ளினால் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "உள்ள ஏறுன குச்சிய யாராவது எடுத்தாங்களா?" என்றார். யாரும் எடுக்கவில்லை, யாரும் கேட்கவேயில்லை. "அதுதான்மா சீழ் கட்டுது. கீறி எடுத்து, சுத்தம் பண்ணி, மருந்து போட்டா கால் நிக்கும். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா, அதுக்கு மேல தாங்காது" என்றார். அவ்வளவு பேச்சிலும் தரையில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு அவள் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நின்று கெஞ்சினாள். புருஷனிடம் கெஞ்சினாள், அவன் அண்ணன் காலில் விழுந்தாள், நர்ஸ் கையைப் பிடித்தாள், வேடிக்கை பார்க்க வந்திருந்த தெருக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். உள்ளே ஒரு துண்டு இருக்கிறது, அதை எடுத்தால் போதும், ஜுனைதா டாக்டர் சொல்கிறார் என்று தமிழில் சொன்னாள், அது தமிழாக இருந்ததால் யாருக்கும் காதில் ஏறவில்லை. பத்து நாற்பத்தைந்துக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். சக்கரம் உருண்டு வராந்தாவுக்கு வந்தது. அந்த மஞ்சள் வராந்தாவின் முனையில் கத்தி காத்திருந்தது.

தனகோட்டி ஓடிப்போய் ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே நின்றாள். வாயைத் திறந்தாள்.

'இன்ஃப்ளமேஷன்' என்றாள். 'ஜுரிஸ்டிக்ஷன்' என்றாள். 'எபிஸ்டமாலஜி, ஹெமடோமா, அமார்ட்டைசேஷன், டிரான்ஸ்சென்டென்டல், பெரிகார்டியம், இன்டெம்னிட்டி' என்றாள். பத்தொன்பது வருஷம், நாளைக்கு இருநூற்று நாற்பது பக்கம், ஞாயிறும் பொங்கலும் போக, அவள் ஒடித்துப் போட்ட வார்த்தைகள் அத்தனையும் இருந்த இடத்திலிருந்து எழுந்து வரிசையில் வந்தன, வைத்தியமும் சட்டமும் வானசாஸ்திரமும் மாட்டுப் பண்ணையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன, ஒவ்வொன்றும் அவளுக்கு மட்டுமே தெரிந்த சரியான இடத்தில் ஒடிந்தது, நீளமானவை மூன்று இடத்தில் ஒடிந்தன, குச்சி மழையாகக் கொட்டியது, கணுக்கால் மறைந்தது, முட்டி மறைந்தது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் புதைந்தது, வார்டு வார்டாக நோயாளிகள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள், நர்ஸின் தட்டு எங்கோ அடியில் போயிற்று. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவும் எனக்குள் இருந்திருக்கிறதே, ஒன்றுகூட எனக்குத் தெரியாதே என்பதற்காக அவள் அழுதாள். பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து, ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

இடுப்பளவு ஏறியபோது நிறுத்தினாள்.  பெரிய டாக்டர் குச்சிக்குள் நீந்தாத குறையாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடலாம் மேடம்" என்றார்.

"இவர எடுத்துக்கினு போயி ஜுனைதா டாக்டர்கிட்ட விடுங்க" என்றாள் தனகோட்டி, சாதாரணத் தமிழில்.

ஸ்ட்ரெச்சர் பறந்தது. முன்பக்கம் அரங்கநாதன் பிடித்தார், பின்பக்கம் பெரிய டாக்டரே பிடித்தார். பைபாஸைக் குறுக்கே கடந்து, பஸ் நிலையத்தைச் சுற்றி, பின்னாலேயே பாதி ஊர் ஓடிவர, சுகாதார நிலையத்தின் துருப்பிடித்த கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். டாக்டர் ஜுனைதா குதிகாலைக் கீறினார். கிண்ணம் கிண்ணமாகச் சீழ் வந்தது, அதோடு கறுப்பாகப் பாதிக் குச்சி ஒன்றும் வந்தது. மூன்று வாரம் தினமும் கழுவிக் கட்டினார். நான்காவது வாரம் சிங்காரவேலு தன் இரண்டு காலிலும் வீட்டுக்கு நடந்து வந்தான்.

வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்த டாக்டரம்மா சும்மா ஒரு கத்திய வச்சி கீறிச்சி, அவ்ளோதான். என்னக் காப்பாத்துனது எம் பொண்டாட்டி. இடுப்பளவு! கண்ணால பாத்தன்!" என்றான். ஊரும் அதையே சொல்லிற்று. ஒருவனாவது கீறி எடுத்த கையைப் பற்றிப் பேசவேண்டுமே, கிடையாது. மறுநாள் விடிந்து தனகோட்டி கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. வயிற்று வலி, மஞ்சள் காமாலை, பிள்ளை தங்கவில்லை, மாடு கறக்கவில்லை, எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "டாக்டர்கிட்ட போங்கம்மா" என்று தமிழில் சொன்னாள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் பொறுமையிழந்து ஒரு வார்த்தையைச் சொன்னாள், 'எபிஸ்டமாலஜி', மூன்று குச்சி விழுந்தது, "போயி ஜுனைதா டாக்டரப் பாரு" என்றாள், வயிற்று வலிக்காரர் குச்சியைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே சுகாதார நிலையத்துக்கு ஓடினார். அதுவே முறையாயிற்று. ஆளுக்கு ஒரு வார்த்தை, பிறகு ஜுனைதா டாக்டர். சிங்காரவேலு மனை வியாபாரத்தை விட்டுவிட்டு, காப்பாற்றப்பட்ட காலால் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்து டோக்கன் கொடுத்தான். தனகோட்டி கம்பெனிக்குப் பாதி நாள் மட்டும் போனாள், மேனேஜர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் ஜுனைதா அவள் வீட்டுக்கு வந்தார். வரிசையைத் தாண்டி வரும்போது யாரும் அவருக்கு வழிவிடவில்லை, டோக்கன் எங்கே என்று சிங்காரவேலு கேட்டான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார். அவர் முகம் களைத்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

"ஒரு நாளைக்கு எண்பது பேர் வராங்கம்மா. நேத்து ஒரு குழந்தைக்கு மூளைக் காய்ச்சல், இன்னும் அரை நாள் போயிருந்தா அவ்வளவுதான். நீதான் அனுப்பினியாம்."

"நான் இன்னா பண்ணன் டாக்டர், ஒரு வார்த்தய சொன்னன்."

"அந்த வார்த்தைய அந்தப் பிள்ளையோட அம்மா என்கிட்ட திருப்பிச் சொன்னாங்க. பாதி மறந்துட்டாங்க, ஆனா என்னன்னு புரிஞ்சிடுச்சு. ரொம்ப நல்ல வார்த்தைம்மா அது." டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ ஒவ்வொரு நாளும் ஒன்னு எழுதிக் குடு, நான் அர்த்தம் சொல்லித் தரேன். எத்தன வருஷமா சுமந்துட்டு இருக்க. இந்த ஒன்னுல ஆரம்பிப்போம், அது என்னன்னா..."

தனகோட்டி சட்டென்று கையை நீட்டி டாக்டரின் வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. 

"சொல்லாதீங்க டாக்டர். போன வியாழக்கெழம எங்க கம்பெனிப் பொண்ணு ஒன்னு, தெரியாத்தனமா ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிப்புட்டா. ஹெமடோமான்னா ரத்தம் கட்டிக்கிறதாம். எவ்ளோ சந்தோசமா இருந்துச்சி தெரியுமா எனக்கு? ராத்திரி பூரா அதையே சொல்லிக்கினு இருந்தன். மறுநா காலீல கையில அடிபட்டு ஒருத்தர் வந்தாரு, அவருக்கு அந்த வார்த்தயத்தான் சொன்னன், ஆசயா சொன்னன். ஒன்னும் விழல. எந்திரிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க."

 டாக்டர் ஜுனைதா தன் வாய்மேல் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வாசலில் சிங்காரவேலு நாற்பத்திரண்டாம் நம்பர் என்று கத்தினான். ஒரு பெண் மூச்சுத் திணறும் கைக்குழந்தையோடு உள்ளே வந்து, தனகோட்டியின் எதிரில் இருந்த டாக்டரைத் தாண்டிக்கொண்டு போய், தனகோட்டியின் முன்னால் முந்தானையை ஏந்தி நின்றாள்.